பனி பார்க்கப் போகும் படலம்

"பெண்ணாடத்து வாத்தியாருக்குப் பனிச்சறுக்கு எதற்கு?" என்று இந்த ஊரில் நம்மைக் கேட்காதவர் கிடையாது. ரயிலடியில் கேட்டார்கள், டீக்கடையில் கேட்டார்கள், கோயில் வாசலில் பூக் கட்டும் அம்மாள் கூடக் கேட்டுவிட்டாள். கேட்டதில் தவறொன்றுமில்லை. கடலூர் ஜில்லாவின் மேற்கோரத்தில், வெள்ளாற்றை அண்டி, கரும்பும் நெல்லும் விளைகிற பூமி இது. இந்த ஊருக்குப் பிரளயக் கதை உண்டு. உலகெல்லாம் வெள்ளம் சூழ்ந்தபோது நந்தியெம்பெருமான் அதைத் தடுத்து நிறுத்தினார் என்று ஸ்தல புராணம் சொல்லும். யானை படுத்திருப்பது போன்ற தூங்கானை மாடக் கோயில் உண்டு. மெய்கண்டார் பிறந்த பெருமையும் உண்டு. ஆனால் பனிக்கட்டிக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம், சர்பத் கடையோடு முடிந்துபோகிறது.

அப்படியிருக்க, பன்னிரண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு இமயமலைச் சாரலுக்குப் போய், காலில் இரண்டு பலகைகளைக் கட்டிச் சறுக்குவது என்ற விபரீத யோசனை நமக்கு எங்கிருந்து வந்தது? எல்லாம் பூகோள வகுப்பிலிருந்துதான் வந்தது. நம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சியில் ஒரு பையன் உட்காருகிறான். அவன் தகப்பனார் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் கொலுப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவர். பையன் அதிகம் பேச மாட்டான். பேசினால் உபாத்தியாயர் இரவில் புஸ்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கும்.

ஒரு நாள் அவன் எழுந்து நின்றான். "சார், தொட்டபெட்டா 2,637 மீட்டர். குல்மார்க் 2,650 மீட்டர். இந்தப் பதின்மூன்று மீட்டருக்காகவா அங்கே பனிக்கட்டி மழையாகக் கொட்டுகிறது, இங்கே கொட்டவில்லை?" என்றான்.

நாம் கரும்பலகையில் படம் போட்டோம். ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினோரு டிகிரியில் இருக்கிறது. ஏறக்குறைய நம் பெண்ணாடத்துக்கு நேர் மேற்கே. குல்மார்க் முப்பத்து நான்கு டிகிரியில் இருக்கிறது. அங்கே மார்கழி மாதத்துச் சூரியன் தாழ்ந்து போகிறான், இரவு நீண்டுவிடுகிறது. அதற்கு மேல், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து பாரசீகத்தைக் கடந்து வருகிற காற்றுச் சுழல்கள் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து இமயத்தில் மோதுகின்றன. குளிரும் மேகமும் ஒரே வேளையில் கூடினால்தான் வெண்பனி பெய்யும். நம் நீலகிரியில் குளிர் கடுமையாயிருக்கிற இரவு பெரும்பாலும் மேகமில்லாத இரவு. ஆகவே புல்லின்மேல் உறைபனி படியுமே தவிர, வானத்திலிருந்து எதுவும் இறங்காது.

இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு வெற்றிப் பெருமிதத்தோடு திரும்பினோம். பையன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"பார்த்திருக்கிறீர்களா, சார்?"

பார்த்ததில்லை. இருபது வருஷமாய்ப் பனி மண்டலத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம். ஒரு பிடி பனியைத் தொட்டதில்லை. இதை ஒப்புக்கொள்ள நமக்கு அரை நிமிஷம் பிடித்தது. வகுப்பில் சிரித்தார்கள். அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கப்பா வேலை செய்யும் சூளையில் ஆயிரத்து இருநூறு டிகிரி வரை ஏற்றுவார்கள், சார். அதைப் பார்த்திருக்கிறேன். சைபர் டிகிரியைத்தான் பார்த்ததில்லை" என்றான்.

இங்கே நம் பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தமிழில் பனி என்றால் விடியற்காலையில் வைக்கோற்போரை நனைக்கிற பனியும் அதுவே. இமயத்தை மூடியிருப்பதும் அதுவே. முன்பனிக் காலம், பின்பனிக் காலம் என்று இரண்டு பருவங்களை வகுத்து வைத்த முன்னோர், வானத்திலிருந்து பஞ்சு போல் விழுவதற்குத் தனிப் பெயர் வைக்கவில்லை. தேவைப்பட்டிருக்காது. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லி, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். 'ஸ்கீ' என்ற சொல்லோ நார்வே தேசத்திலிருந்து வந்தது. பிளந்த மரத்துண்டு என்று அதற்குப் பொருளாம். எந்தக் குடியானவனும் புரிந்துகொள்ளக்கூடிய பெயர்தான்.

யோசனை பிறந்துவிட்டது. எங்கே போவது?

குல்மார்க்குக்குத்தான் போக வேண்டும் என்று ஒரு கட்சி வாதாடியது. இந்தியாவில் பனிச்சறுக்குச் சங்கம் 1927-ல் தோன்றிய இடம் அதுதான். பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில், 2022-ல், பாரதத்தின் சார்பில் தன்னந்தனியாய்ப் பங்கு கொண்ட ஆரிப் கான் அந்தப் பக்கத்துப் பிள்ளை. ஆனால் பஹல்காமில் 2025 ஏப்ரல் மாதம் நடந்த கொடுமைக்குப் பிறகு, காஷ்மீரம் என்ற பெயரைச் சொன்னதுமே தாய்மார்களின் முகம் மாறிவிடுகிறது. அந்த பயத்தை வாதம் செய்து போக்கிவிடலாம் என்று நாம் நினைக்கவில்லை. தவிர, 2024 ஜனவரி முதல் வாரங்களில் அதே குல்மார்க்கில் பனியே இல்லாமல் புல் காய்ந்து கிடந்த படங்களைப் பத்திரிகைகளில் பார்த்தோம்.

ஔலியைச் சொன்னார் நம் அறிவியல் ஆசிரியை. தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் 2011-ல் நடந்த இடம்; சரிவு அழகானது. ஆனால் அதற்கு அடிவாரமான ஜோஷிமடத்தில் 2023 ஜனவரியில் பூமி உள்வாங்கி, வீடுகள் வெடித்து, ஜனங்கள் குடி பெயர்ந்தார்கள். வீடு வெடித்தவர்களின் தெரு வழியாக விளையாடப் போக நமக்கு மனம் வரவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு நாலு யாத்ரீகர் வந்தால்தான் பிழைப்பு என்று அந்த அம்மாள் பதில் சொன்னார். அதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் ரிஷிகேசத்திலிருந்து மலைப்பாதையில் ஒரு முழுப் பகல் ஏற வேண்டும் என்று கேட்டபிறகு அவரே விட்டுவிட்டார்.

கடைசியில் மணாலிக்குப் பக்கத்திலுள்ள சோலாங் பள்ளத்தாக்கு என்று தீர்மானமாயிற்று. அதன் அருகே புருவா என்ற கிராமத்தில் பிறந்த ஆஞ்சல் டாக்கூர் என்ற பெண், 2018-ல் துருக்கி தேசத்தில் நடந்த பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றாள். இந்தச் செய்தி நம் மாணவிகளை ஒரே நாளில் அந்தக் கட்சிக்கு மாற்றிவிட்டது. காவிரி பிறக்கும் குடகு நாட்டில் பிறந்த பவானி என்ற பெண்ணும் பனிச்சறுக்கில் இந்தியாவுக்காக வெளிநாடு சென்று ஓடியிருக்கிறாள் என்று சொன்னதும், "பார்த்தீர்களா சார், குடகு வரைக்கும் வந்துவிட்டது!" என்றார்கள். டிசம்பர் கடைசியில் சோலாங்கில் பனி இல்லாமற் போனாலும், 2020-ல் திறந்த ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதையைக் கடந்தால் லாஹூல் பக்கத்தில் கிடைக்கும் என்பது நம் அந்தரங்க தைரியம்.

இனி நாட்கணக்கு. இதைப் போல் உபாத்தியாயரை வதைக்கக்கூடியது வேறொன்றுமில்லை. அரைப் பரீக்ஷை டிசம்பர் 23-ல் முடிந்து, ஜனவரி 2-ல் பள்ளி திறக்கும் என்று வைத்துக்கொண்டோம். 24-ம் தேதி காலையில் புறப்பட்டுச் சென்னை. அன்றிரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். 26-ம் தேதி காலை டில்லி. அன்று மாலை பஸ் ஏறினால் 530 கிலோமீட்டர் வளைந்து வளைந்து, 27-ம் தேதி காலை மணாலி. ஊருக்குத் திரும்ப ஜனவரி முதல் தேதி ஆகவேண்டுமானால், 29-ம் தேதி இரவே மலையை விட்டு இறங்கியாக வேண்டும். அதாவது ஒன்பது நாள் பிரயாணத்தில் பனியின்மேல் நிற்பது இரண்டரை நாள்! அந்த அரை நாளும் ஓய்வுக்கு. இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் தலைவலியும் மயக்கமும் வரக்கூடும். சமவெளிப் பிள்ளைகளைப் போன கையோடு ஓடவிடக் கூடாது. ஆக, மீதி இரண்டு நாள். தலைமையாசிரியர் நம் காகிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "இரண்டு நாளைக்காகவா?" என்றார். "கங்கை ஜலம் கொண்டுவர ராஜேந்திர சோழனுடைய சேனை எத்தனை மாதம் நடந்திருக்கும், ஐயா! அவனுடைய கங்கைகொண்ட சோழபுரம் நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது" என்றோம். அவர் சரித்திரம் படித்தவர். கையெழுத்திட்டு மேலதிகாரிகளுக்கு அனுப்பி வைத்தார்.

அனுமதி வருவதற்குள் நாம் பயிற்சியை ஆரம்பித்துவிட்டோம். வெள்ளாற்றங்கரைச் சரிவு மணலில், சனிக்கிழமை மாலைகளில். நம் உடற்பயிற்சி ஆசிரியர் படம் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து சொல்லிக்கொடுத்தார். முதற்பாடம் விழுவது. முன்னால் விழக்கூடாது, கையை ஊன்றக்கூடாது. முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சாய வேண்டும். இரண்டாம் பாடம் நிற்பது. பலகைகளின் முன்நுனிகளை ஒன்றுசேர்த்துக் குதிகால்களை அகற்றி வைத்தால் வேகம் குறையும். "ஏர் மாதிரி" என்றதும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பலகைக்கு எங்கே போவது? மூங்கிலைப் பிளந்து கட்டிப் பார்த்தோம், மணலில் புதைந்தது. பனைமட்டையைக் கட்டிப் பார்த்தோம். அது நாலடி சறுக்கியது. ஐந்தாவது அடியில் உடற்பயிற்சி ஆசிரியர் முதற்பாடத்தை மறந்து முன்பக்கமாகவே விழுந்தார். ஒரு வாரம் கைக்கட்டோடு வந்தார். இருந்தாலும் வருவதை நிறுத்தவில்லை.

துணி விஷயத்தில் நாம் ஒரு சங்கடத்தை அடக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. நாம் கதர் அபிமானி. ஆனால் பருத்தி நனைந்தால் உலராது. உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பனியில் பருத்தி உள்ளாடை ஆகாது என்று படித்தவர்கள் எல்லாரும் சொல்லுகிறார்கள். உள்ளே செயற்கை நூல், நடுவில் கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாத மேலங்கி என்று மூன்று அடுக்காக அணிய வேண்டுமாம். மேலங்கியும் பூட்ஸும் பலகையும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். நாம் மட்டும் கதர்க் கம்பளிச் சால்வை ஒன்று எடுத்துக்கொள்வதாக சமாதானம் செய்துகொண்டோம்.

இவ்வளவும் விளையாட்டாகச் சொல்லிவிட்டோம். விளையாட்டல்லாத ஒரு விஷயம் இருக்கிறது.

நாம் வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், ஊட்டிக்கு ஒரு சுற்றுலா ஏற்பாடு செய்தோம். தலைக்கு 350 ரூபாய். "பணம் கொடுத்தவர்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்றோம், அதற்குமேல் யோசிக்கவில்லை. புறப்பட்ட அன்று விடியற்காலையில், பணம் கொடுக்க முடியாத ஒரு பையன் பஸ்ஸடிக்கு வந்திருந்தான். வழியனுப்ப வந்ததாகச் சொன்னான். மற்றப் பிள்ளைகளின் பைகளை வாங்கி ஒவ்வொன்றாய் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கொடுத்தான். பஸ் நகர்ந்ததும் கையை ஆட்டினான். நாமும் ஆட்டினோம். ஊட்டியில் எதைப் பார்த்தோம் என்று இப்போது கேட்டால் நமக்குச் சரியாய்ச் சொல்லத் தெரியாது. அவன் ஏற்றி வைத்த பைகளின் நிறம் ஒவ்வொன்றும் நினைவில் இருக்கிறது. அவன் இப்பொழுது நன்றாகத்தான் இருக்கிறான், சொந்தமாய் ஒரு சரக்கு வண்டி ஓட்டுகிறான். நம்மைக் கண்டால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்லுவான். ஊட்டிப் பேச்சை இதுவரை எடுத்ததில்லை.

ஆகையால் இந்தத் தடவை பணத்தைக் கடைசியில் வைத்தோம். பெயர் கொடுத்தவர்கள் முப்பத்தெட்டு பேர். மூன்று ஆசிரியர்கள் பனியில் கண்காணிக்கக்கூடியது பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டில் சோழர் காலத்துக் குடவோலை முறையைப் பற்றிப் படித்திருக்கிறோம் அல்லவா? அதையே கையாண்டோம். விருத்தாசலத்து ஊறுகாய் ஜாடி ஒன்றில் முப்பத்தெட்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, கல்வெட்டில் சொன்னபடியே விவரம் அறியாத சிறுவன் ஒருவனை, ஒன்றாம் வகுப்பிலிருந்து, கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். ஆண் பெண் என்று பிரிக்கவில்லை. பணமுள்ளவன் இல்லாதவன் என்றும் பிரிக்கவில்லை.

பன்னிரண்டு பெயர்கள் வந்தன. பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவரின் மகன் பெயர் வரவில்லை. யாராவது வர முடியாமற் போனால் சேர்த்துக்கொள்வதற்காக மேலும் ஒரு சீட்டு எடுத்தோம். பதின்மூன்றாவது அவனுடையது.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஜாடியில் கையை விட்டு அவன் பெயரை முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும் என்று, அந்தச் சிறுவன் கையை விடுவதற்கு முன்னமேயே, நம் மனசு சபலப்பட்டது. யோசனையே அவனுடையதல்லவா? ஆனால் முப்பத்தெட்டு ஜோடிக் கண்கள் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் கண்களும் அதில் சேர்த்தி.

அதன் பிறகுதான் பணம். தலைக்குப் பன்னிரண்டாயிரம் ஆகும் என்று கணக்கு. பன்னிரண்டு வீட்டாருக்கும் ஒரே மாதிரி உறை கொடுத்து, முடிந்ததைப் போட்டு ஒட்டி, பெயர் எழுதாமல் பெட்டியில் போடச் சொன்னோம். மொத்தம் 81,500 ரூபாய் சேர்ந்தது. ஓர் உறையில் இருபது ரூபாய் நோட்டு ஒன்று மட்டும் நாலாக மடித்து இருந்தது. குறைந்த தொகையைப் பெற்றோர் ஆசிரியர் கழகமும், பழைய மாணவர்கள் சிலரும், நம்முடைய பண்டிகை முன்பணமும் சரிக்கட்டின. இந்தக் கடைசி விவரம் நம் வீட்டில் இன்னும் முழுமையாய் அறிவிக்கப்படவில்லை. மீதி இருபத்தாறு பேரையும் சேலம் ரயிலில் ஏற்றி ஏற்காடு பார்த்து வருவது என்று வேறொரு ஏற்பாடு. அது ஆறுதல் பரிசு என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

ரயில் டிக்கெட்டை அறுபது நாளைக்கு முன்னால்தான் வாங்க முடியும். 2024 நவம்பர் முதல் அப்படி மாற்றிவிட்டார்கள். முன்பு நூற்றிருபது நாள். ஆகவே டிசம்பர் 24-க்கு அக்டோபர் 25. கல்விச் சுற்றுலா போகும் மாணவர்களுக்குப் படுக்கை வகுப்பில் சலுகை உண்டு. ஆனால் பள்ளியின் சான்றிதழோடு ஜன்னலில் நேரில் நின்றுதான் வாங்க வேண்டும். விருத்தாசலம் ஸ்டேஷனில் எட்டு மணிக்கு ஜன்னல் திறக்கும்.

இந்த இடத்தில் ஒரு முடிச்சு விழுந்தது. சீட்டில் வந்த மாணவிகளில் ஒருத்தியின் வீட்டில் சம்மதக் கடிதம் வரவில்லை. தகப்பனார் வெளிநாட்டில் வேலை. வீட்டில் பாட்டி வைத்ததே சட்டம். "பெண் பிள்ளையை அத்தனை தூரம் அனுப்பறதாவது!" என்று பாட்டி சொல்லிவிட்டாள். அறிவியல் ஆசிரியை இரண்டு தடவை போய் வந்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். அக்டோபர் 24-ம் தேதி இரவு வரையில் கடிதம் வரவில்லை. வரவில்லையென்றால் பதின்மூன்றாவது சீட்டு. அன்றிரவு படுக்கும்போது, கடிதம் வராமலே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தோம். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டோம். மறுபடியும் நினைத்தோம்.

விடியற்காலை ஐந்தரைக்கு விருத்தாசலம் ஸ்டேஷனுக்குப் போனோம். வரிசையில் நாலாவது ஆளாக அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான். "அப்பா ராத்திரி ஷிப்டு, சார். கூடவே வந்துவிட்டேன். உங்களுக்கு இடம் பிடித்து வைத்தேன்" என்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். பாட்டியின் சம்மதக் கடிதம்! கீழே கோணல் மாணலாய்க் கையெழுத்து.

நாம் கடிதத்தைப் பார்த்தோம், அவனைப் பார்த்தோம். "உனக்கு எப்படி இது?"

"பாட்டி வீட்டுக்குப் போய்ப் பேசினேன், சார். மூணு நாளா."

"இது வராவிட்டால் யார் போவது என்று தெரியுமா உனக்கு?"

"தெரியும், சார். ஆனா சீட்டு அவளுக்குத்தானே வந்தது?"

இருபது வருஷ அநுபவமுள்ள உபாத்தியாயருக்கு இதற்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. "என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தாய்?" என்று கேட்டு வைத்தோம்.

பையன் முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொண்டான். "காசிக்குப் போற வழிதான்னு சொன்னேன், சார்."

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணாலி எங்கே, காசி எங்கே! பூகோள மாணவன் சொல்லக்கூடிய பொய்யா இது? அதுவும், பொய் சொல்லி வாங்கிய சம்மதத்தை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையை அழைத்துப் போவதா? மணி ஆறே முக்கால். டெலிபோனை எடுத்துப் பாட்டி வீட்டுக்குப் பேசினோம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மணாலிக்கும் காசிக்கும் சம்பந்தமில்லை என்பதையும், டில்லியிலிருந்து அது வடக்கு, இது கிழக்கு என்பதையும், அங்கே ஓடுவது கங்கையல்ல, பியாஸ் நதி என்பதையும் ஒரே மூச்சில் விளக்கினோம்.

மறுமுனையில் பாட்டி சிரித்தாள். "எனக்குத் தெரியாதா வாத்தியாரய்யா? நான் காசிக்குப் போயிட்டு வந்தவ. எந்த ஊரு எந்தத் திக்குன்னு அந்தப் பையனுக்கு நான் சொல்லித் தருவேன். மூணு நாளா வந்து திண்ணையில உக்காந்து, அவ போகணும் அவ போகணும்னுட்டு இருந்தான். தனக்கு ஒண்ணும் கேக்கலை. இப்பேர்ப்பட்ட பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு என் பேத்தியை நம்பி அனுப்பலாம்னு தோணிச்சு. சூடா ஏதாவது வாங்கிக் குடுங்க அவளுக்கு."

பையனிடம் இதைச் சொல்லவில்லை. அவன் ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து, போகிறவர்கள் அங்கே அளந்து வர வேண்டியவற்றின் ஜாபிதாவைக் காட்டிக்கொண்டிருந்தான். காலை ஆறு மணிக்குக் காற்றின் சூடு. பனிக்குள் ஒரு சாண் ஆழத்தில் சூடு. உள்ளங்கையில் வைத்த ஒரு பிடி பனி கரைய எத்தனை நிமிஷம். ஒரு டம்ளர் பனி உருகினால் எத்தனை டம்ளர் தண்ணீர். எல்லாம் வரிசையாகக் கட்டம் போட்டு, விடைக்கு இடம் விட்டிருந்தான்.

எட்டு மணிக்கு ஜன்னல் திறந்தது. நாம் பாரத்தை நிரப்பி உள்ளே நீட்டினோம். பன்னிரண்டாவது பெயராக அந்தப் பெண்ணின் பெயரையே எழுதியிருந்தோம்.